கண்ணாடி இல்லாமல் சுறா பார்த்த கதை

கண்ணாடி போடுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சுறாக் கூண்டுக்குள் இறங்குவதாக இருந்தால் கான்டாக்ட் லென்ஸ் கொண்டு போங்கள். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்று. அந்த நீச்சல் மாஸ்க்குக்குள் மூக்குக் கண்ணாடி நுழையாது என்பது நடுக்கடலில்தான் எனக்கு உறைத்தது.

இடம் தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய். எழுதுவதுதான் அப்படி, ஊர்க்காரர்கள் தொண்டையைக் காறுவதுபோல ‘ஹான்ஸ்பாய்’ என்கிறார்கள். கேப் டவுனிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். படகு கிளம்புவது பக்கத்தில் இருக்கும் க்ளைன்பாய் என்ற சின்னத் துறையிலிருந்து. டிராக்டர் வைத்து, டிரெய்லரோடு படகைத் தண்ணீருக்குள் தள்ளி விடுகிறார்கள். அதைப் பார்க்கவே தனியாகக் காசு கேட்கலாம்.

காலைச் சாப்பாடு போட்டு, ‘என்ன ஆனாலும் நானே பொறுப்பு’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சுவர் முழுக்க வாயைப் பிளந்த வெள்ளைச் சுறாப் படங்கள். அவர்களுடைய இணையதளத்திலும் அதே வாய்தான், நான் பணம் கட்டியதும் அந்த வாயை நம்பித்தான். “இன்றைக்கு வருமா?” என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, “வெள்ளை வருவது இப்போது அபூர்வம். ப்ரான்ஸ் வேலர் கட்டாயம் வரும்” என்றாள். அது வெண்கல நிறத்தில் இருக்கும் வேறொரு சுறா வகை. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

வெள்ளை ஏன் வருவதில்லை என்பதைப் படகில் வழிகாட்டிப் பையன் சொன்னான். அதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சரக்கு. உலகத்திலேயே முதல் நாடாக 1991-ல் வெள்ளைச் சுறாவைக் கொல்லத் தடை போட்ட நாடு தென்னாப்பிரிக்கா. மனிதனிடமிருந்து காப்பாற்றியாயிற்று. ஆனால் 2017-லிருந்து இந்தக் கரையில் ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளைச் சுறாக்கள் செத்து ஒதுங்கின. பெரும்பாலானவற்றின் உடம்பில் ஈரலைக் காணோம். செய்தது இரண்டு ஆண் ஓர்காக்கள், அதாவது கொலைகாரத் திமிங்கிலங்கள். ஒன்றின் முதுகுத் துடுப்பு இடப்பக்கம் மடிந்திருக்கும், மற்றதற்கு வலப்பக்கம். அதனால் கப்பல்காரர்கள் பாஷையில் போர்ட், ஸ்டார்போர்ட் என்று பெயர். சுறாவுக்கு மற்ற மீன்களைப்போலக் காற்றுப்பை கிடையாது. மிதக்க உதவுவது எண்ணெய் நிறைந்த அந்த ஈரல்தான். பெரிய வெள்ளைச் சுறாவில் உடல் எடையில் கால்பங்கு வரைகூட ஈரலே இருக்கும். இதுகள் அதை மட்டும் உருவித் தின்றுவிட்டுப் போகின்றன. 2023-ல் மோசல் பே பக்கம் ஸ்டார்போர்ட் தனியாளாக ஓர் இளம் வெள்ளைச் சுறாவை முடித்தது. ஆன நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை.

மிச்சமிருந்த வெள்ளைகள் கிழக்கே நகர்ந்துவிட்டன என்கிறார்கள். ஓர்காவை மட்டும் சொன்னால் போதாது, நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் முள் கட்டி மீன் பிடிப்பவர்களையும் கேளுங்கள் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இந்தத் தூண்டில் சமாச்சாரத்தைக் கடைசியில் என் கண்ணாலேயே கொஞ்சம் பார்த்தேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

கூண்டு என்றதும் நான் ஆழத்துக்கு இறக்குவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. படகின் விலாவோடு கட்டிய நீளமான இரும்புக் கூண்டு. வரிசையாக ஆறேழு பேர் நிற்கலாம். மேல்பாகம் தண்ணீருக்கு வெளியே இருக்கும். ஆக்சிஜன் சிலிண்டர், குழாய் எதுவும் கிடையாது. தலையை வெளியே வைத்துக் காத்திருக்க வேண்டும், “டவுன்! டவுன் லெஃப்ட்!” என்று கத்தினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுங்க வேண்டும். உள்பக்கம் இருக்கும் கம்பியைத்தான் பிடிக்கலாம், விரல் வெளியே போகக் கூடாது.

ஒருவர் மீனெண்ணெயும் அரைத்த மீனும் கலந்த தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். இன்னொருவர் கயிற்றில் சூரை மீன் தலைகளைக் கட்டி வீசினார். சுறா நெருங்கியதும் கயிற்றை இழுத்துவிட வேண்டும், தின்னக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அந்த வாடை மற்றவர்களுக்குக் குமட்டியது. எனக்குத் தூத்துக்குடியில் தாத்தா வள்ளத்துக்குப் பூசிய சுறா எண்ணெய் ஞாபகம் வந்தது. வாந்தி வராமலிருக்க அவோமின் மாத்திரை போட்டிருந்ததும் காரணமாக இருக்கலாம்.

டிசம்பர் அங்கே கோடை. நம்பாதீர்கள். தண்ணீர் ரப்பர் உடுப்பின் கழுத்து வழியாக நுழைந்து முதுகுத்தண்டில் ஒரு கோடாக இறங்கியபோது நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

முதல் நான்கு முறை அமுங்கினேன். முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி ஒரே பச்சை. பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் தண்ணீருக்குள்ளேயே கத்துகிறார், குமிழி குமிழியாக வருகிறது. என்னத்தைப் பார்த்தார் என்றே தெரியவில்லை. எனக்குப் பச்சையில் கொஞ்சம் கரும்பச்சை நகர்ந்தது, அவ்வளவுதான்.

ஐந்தாவது முறை ப்ரான்ஸ் வேலர் ஒன்று கம்பியை ஒட்டியே வந்தது. முதலில் மூக்கு, பிறகு கண். எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் வெண்கல உருளியைப் புளி போட்டுத் தேய்க்காமல் பத்து வருஷம் விட்டால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். ஐந்து செவுள் பிளவும் மெதுவாகத் திறந்து மூடின. வாயோரத்தில் துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்று குத்தி நின்றது. அதிலிருந்து ஒரு சாண் தூண்டில் நரம்பு ஆடிக்கொண்டே போனது. ஒரு முழ தூரத்தில் இருந்ததால் நரம்பில் படிந்த பாசிகூடத் தெரிந்தது. பிறகு வால் திரும்பிய வேகத்தில் கூண்டில் அடித்தது. அந்த அதிர்வு என் பல்லில் கேட்டது. மூச்சு முட்டித் தலையைத் தூக்கும்போதுதான் பயம் என்று ஒன்று பட வேண்டுமே என்ற நினைப்பே வந்தது.

மேலே வந்ததும் மனைவி, “நான் பதினொண்ணு எண்ணினேன். நீங்க எத்தனை பாத்தீங்க?” என்றாள். அவள் தண்ணீரில் காலே வைக்கவில்லை. கண்ணாடியோடு மேல்தளத்தில் இஞ்சி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

“ஒண்ணு.”

“ஒண்ணுக்கா இவ்வளவு காசு?”

திரும்பும் வழியில் கெய்சர் ராக் பக்கம் போனார்கள். பாறை முழுக்கக் கடல்நாய்கள், காது கிழியும் சத்தம், அதைவிட மோசமான நாற்றம். டையர் தீவுக்கும் இந்தப் பாறைக்கும் நடுவே ஓடும் கால்வாய்க்கு ‘ஷார்க் ஆலி’, சுறாச் சந்து, என்று பெயர். அதில் கடல்நாய்கள் மல்லாந்து நீந்தி விளையாடிக்கொண்டிருந்தன.

ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன்.

“ஏலே, சுறாவப் பாக்கவா துட்டு குடுத்த? அதுக்கு ரெண்டு கிலோ வாங்கியிருந்தா புட்டு அவிச்சிருக்கலாமே.”

இது வேற சுறா, கொல்லக் கூடாத சுறாவும் இருக்கு என்று ஓர்கா கதையை முழுதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“ஈரல மட்டுமா தின்னுச்சு?”

“ஆமாம்மா.”

“மிச்சத்த?”

“அப்படியே விட்டுட்டுப் போயிருது.”

“கறியெல்லாம் வீணாக்கிட்டே” என்றாள் அம்மா.