மதில் இல்லாத கோட்டையும் அதன் வாசலில் ஓர் ஊரும்

மேற்கு டெக்சாஸ் போகிறோம் என்றதும் ஆளாளுக்கு பிக் பெண்ட் தேசியப் பூங்கா என்றார்கள், இல்லாவிட்டால் மார்ஃபா என்கிற ஊர். பழைய ராணுவக் கோட்டையும் அதை ஒட்டிய ஊருமான ஃபோர்ட் டேவிஸ் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. போய்வந்த சூட்டோடு சொல்கிறேன், எனக்கு மார்ஃபாவைவிட இதுதான் பிடித்தது. ஏறக்குறைய ஆயிரம் பேர், ஐயாயிரம் அடி உயரம், சுற்றிலும் டேவிஸ் மலைகள். எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன பார்ப்பது என்று வரிசையாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்போம், எவ்வளவு தூரம் வரிசை நிற்கிறது என்று.

எல் பாஸோ வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார். வயிற்றெரிச்சல் அங்கேயே ஆரம்பித்தது. இணையத்தில் பார்த்து பதிவு செய்த விலை ஒன்று, கவுண்டரில் கேட்டது வேறொன்று. காப்பீடு வேண்டாம் என்று மூன்று விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் டோல் டேக் என்று தினசரி வாடகையில் ஒரு தொகை. நாங்கள் போகிற வழியில் டோல் சாலையே கிடையாது! அதை நீக்க வைப்பதற்குள் அரை மணி நேரம் போனது. ரசீதைக் கையில் வாங்கி ஒவ்வொரு வரியையும் படிக்காமல் சாவியை வாங்காதீர்கள்.

ஐ-10 சாலையில் சியரா பிளாங்கா பக்கம் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டு டிக்கியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கென்ட் என்ற இடத்தில் இறங்கி 118-ஆம் சாலையைப் பிடித்தால் மலைப் பாதை, மெக்டொனால்ட் வானாய்வகத்தைத் தாண்டி ஊர். பெட்ரோலை வான் ஹார்னிலேயே நிரப்பிவிடுங்கள்.

வழியில் மலை நேர மண்டலம் முடிந்து மத்திய நேரம் தொடங்குகிறது. ஒரு மணி நேரம் அப்படியே காணாமல் போகும். அதற்குள் ஊரில் சாப்பாட்டுக் கடைகளைச் சாத்திவிட்டார்கள். இரவுச் சாப்பாடு ரொட்டியும் சிப்ஸும். சரி, செலவு மிச்சம் என்று படுத்தோம்.

மறுநாள் காலை கோட்டை. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு பாஸ் கையில் இருந்ததால் நுழைவுக்குத் தனிக் காசு இல்லை. கோட்டை என்றால் மதில், அகழி, கொத்தளம் என்று தேடுவீர்கள். ஒன்றும் இருக்காது. நடுவே பெரிய அணிவகுப்புத் திடல், ஒரு பக்கம் அதிகாரிகள் வீடுகள் வரிசையாக, எதிரே சிப்பாய்களின் கட்டடங்கள், பின்னால் செங்குத்தான பாறை. சீரமைத்த கட்டடங்கள் இருபதுக்கு மேல். மற்றவையெல்லாம் சுடாத மண் செங்கல்லில் கட்டி இடிந்த சுவர்களும் அடித்தளங்களும்தான். எனக்கு இடிபாடுகள்தான் பிடித்தன.

1854-இல் இதை அமைத்தார்கள். சான் அன்டோனியோவிலிருந்து எல் பாஸோ போகும் பாதையில் கலிஃபோர்னியா போகிறவர்களும் தபால் வண்டிகளும் சரக்கு வண்டிகளும் நடமாடிக்கொண்டிருந்த காலம். நிலமோ பூர்வகுடிகளான அப்பாச்சிகளும் கோமாஞ்சிகளும் காலங்காலமாகப் புழங்கியது. லிம்பியா ஓடையில் தண்ணீர் இருந்தது, மரமும் புல்லும் இருந்தன. அப்போது போர்த் துறைச் செயலராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் பெயரையே வைத்தார்கள். பாலைவனத்தில் ராணுவத்துக்கு ஒட்டகம் உதவும் என்று கப்பலில் தருவித்தவரும் அவர்தான். 1857-இல் அந்த ஒட்டகங்கள் சில இந்த வழியாகவே கலிஃபோர்னியாவுக்கு நடந்து போயிருக்கின்றன!

முதல் கோட்டையை மலையிடுக்குக்கு உள்ளேயே கட்டினார்கள். மூன்று பக்கமும் பாறை. மேலேயிருந்து குறிபார்ப்பவனுக்கு இதைவிட வசதி வேறு எங்கே கிடைக்கும்? வட, தென் மாநிலங்களுக்கிடையே உள்நாட்டுப் போர் வந்ததும் 1861-இல் அமெரிக்கப் படை வெளியேறியது. தென்மாநிலக் கூட்டமைப்புப் படை ஓராண்டு போல இருந்துவிட்டு அதுவும் போனது. ஐந்து வருடம் இடம் காலியாகக் கிடந்தது.

1867-இல் திரும்ப வந்தவர்கள் ஒன்பதாம் குதிரைப்படை. கருப்பினச் சிப்பாய்கள், பலர் சில வருடம் முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள். மாதச் சம்பளம் 13 டாலர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்பின் அதிபராக இருந்தவர் அதே ஜெஃபர்சன் டேவிஸ். அவர் பெயர் தாங்கிய இடத்தை, இந்த முறை மலையிடுக்குக்கு வெளியே, கல்லும் மண்ணுமாக எழுப்பியதில் இந்தச் சிப்பாய்களின் உழைப்பும் உண்டு. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

1880-இல் அப்பாச்சித் தலைவர் விக்டோரியோவை எதிர்கொள்ள இங்கிருந்தும் படைகள் போயின. துரத்திப் பிடிக்க முடியாது என்று புரிந்துகொண்ட கர்னல் கிரியர்சன், படையைக் கொண்டுபோய் நீர்நிலைகளில் உட்கார வைத்தார். தண்ணீர் கிடைக்காமல் விக்டோரியோ மெக்சிகோவுக்குத் திரும்பினார். அந்த அக்டோபரில் மெக்சிகோ படை அவரைக் கொன்றது.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது ஹென்றி ஃபிளிப்பர் கதைக்கு முன்னால்தான். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய முதல் கருப்பினத்தவர், 1877. இந்தக் கோட்டையின் உணவுக் கிடங்குக் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. 1881-இல் 3,700 டாலருக்கு மேல் குறைந்தது. ஊர்க்காரர்களும் நண்பர்களும் சேர்ந்து சில நாளில் அந்தப் பணத்தைப் போட்டு நிரப்பிவிட்டார்கள். கோட்டை வாசலில் கடை வைத்துப் பிழைத்த சனம் செய்த காரியம் இது. அப்படியும் ராணுவ நீதிமன்றம். கையாடல் நிரூபணமாகவில்லை, ‘அதிகாரிக்குத் தகாத நடத்தை’ என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள். மன்னிப்பு வந்தது 1999-இல், அதிபர் கிளின்டன் காலத்தில். ஃபிளிப்பர் இறந்து ஐம்பது வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

ஊர் வளர்ந்ததே கோட்டையால்தான். மாட்டிறைச்சி, வைக்கோல், விறகு, கட்டட வேலை என்று எல்லாவற்றுக்கும் ராணுவம்தான் வாடிக்கையாளர். அப்புறம் ரயில் பாதை வந்தது, தெற்கே இருபது மைல் தள்ளி மார்ஃபா வழியாக. 1885-இல் கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தலைநகர் பதவியையும் மார்ஃபா தட்டிக்கொண்டு போனது. இவர்கள் சும்மா இருக்கவில்லை, இரண்டே வருடத்தில் ஜெஃப் டேவிஸ் என்று தனிக் கவுன்டி பிரிந்தது, ஃபோர்ட் டேவிஸ் அதன் தலைநகர். 1891-இல் ராணுவம் ஒரேயடியாகக் கிளம்பியது. ஊர் கிளம்பவில்லை. மாட்டுப் பண்ணைகள் இருந்தன, கோடையில் வெயிலுக்குப் பயந்து மலையேறி வருகிறவர்கள் இருந்தார்கள். காலியான ராணுவ வீடுகளில் குடும்பங்கள் குடியேறின. 1961-இல்தான் கோட்டை தேசிய வரலாற்றுத் தலமானது.

திடலில் ஒலிபெருக்கி வழியாக 1875-ஆம் ஆண்டு மாலை அணிவகுப்பை ஒலியாகப் போடுகிறார்கள். குதிரைக் குளம்பு, கட்டளை, பேண்டு வாத்தியம். கண்ணெதிரே ஒரு ஆள் கிடையாது. என் மனைவி போதும் வா என்கிற வரை உட்கார்ந்திருந்தேன்.

மதியம் ஊருக்குள் ஒரு சின்னக் கடையில் பாலாடைக்கட்டி என்சிலாடா (உள்ளே வைத்துச் சுருட்டிய சோள ரொட்டி), மேலே சிவப்பு மிளகாய்க் குழம்பு, பக்கத்தில் பீன்ஸ். மிளகாயை வறுத்து அரைத்த வாசனை! அமெரிக்காவில் உறைப்பாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று. முந்தின இரவு பட்டினிக்கு வட்டியும் முதலுமாக வசூலித்தேன். இருவருக்கும் சேர்த்து ஆன செலவு எல் பாஸோ விமான நிலையத்தில் ஒருவர் சாப்பிட்டதைவிடக் குறைவு.

தங்குமிடம் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா. நடு ஊரில் 1912-இல் கட்டிய ஹோட்டல் லிம்பியா அழகு, எங்கள் பட்ஜெட்டுக்கு ஒத்துவரவில்லை. சாலையோர மோட்டலில் தங்கினோம், சுத்தமாகவே இருந்தது. கூடாரம் இருந்தால் டேவிஸ் மலை மாநிலப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது, அதுதான் மலிவு. வானாய்வகத்தில் இரவில் நட்சத்திரம் காட்டும் நிகழ்ச்சிக்கு டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள், எங்களுக்குக் கிடைக்கவில்லை. கோட்டைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.