திரும்பும் நேரம் 11.00

உலக முடிவு என்ற மலைச் செங்குத்தின் விளிம்பில் நான் முதன்முதலாக நின்றபோது மணி பத்தரை. எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. காலடிக்கு அப்பால் ஏறத்தாழ 880 மீட்டர் பள்ளம் விழுகிறது என்பதை நம்பத்தான் முடிந்தது, பார்க்க முடியவில்லை. பக்கத்தில் தம்பி மெல்லிய பருத்திச் சட்டையோடு கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு நடுங்கினான். மட்டக்களப்பிலிருந்து இரவிரவாக வான் வண்டி பிடித்துப் போயும், இலங்கை மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளியில் நாங்கள் கண்டது பனிமூட்டம் மட்டும். மனம் ஆறவே இல்லை.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு, இந்த மாசியில் மறுபடியும் போனோம். நான், தம்பி, மச்சாள், மாமா என்று நான்கு பேர். ஒரே ஒரு நாள் நடைக்கு மூன்று கிழமை திட்டமிட்டோம். நடந்த கதையைவிடத் திட்டமிட்ட கதையைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை. எங்களைப் போலக் கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலையில் எது தெரியாது என்பது அந்த மூன்று கிழமையில்தான் புரிந்தது.

மாமா கல்லடியில் வள்ளம் வைத்திருப்பவர். மலை ஏறியதே இல்லை. ஆனால் எந்த மாதத்தில் போவது என்ற கேள்விக்கு அவரிடம்தான் பதில் இருந்தது. வைகாசி தொடங்கி ஆவணி வரை எங்கள் ஊரை வாட்டும் கச்சான் காற்று, மேற்கிலிருந்து மலையைத் தாண்டி வருவது. வரும் வழியில் தன் ஈரத்தையெல்லாம் மலையின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்க இறங்கச் சூடேறி, எங்களிடம் வெறும் அனலாக வந்து சேர்கிறது. நாங்கள் இங்கே முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும் நாட்களில் மேலே மழையும் சூறைக்காற்றும். கார்த்திகை, மார்கழியில் அடிக்கும் வாடை எங்களையும் நனைக்கிறது, மலையையும் நனைக்கிறது. "வாடை ஓய்ந்து கச்சான் பிறக்க முந்திய இடைவெளியில் போக வேண்டும்" என்றார் மாமா. ஹோர்ட்டன் சமவெளிக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம் என்று நான் தேடிப் படித்து வைத்திருந்தேன். அவர் அதைத் தன் காற்றுக் கணக்கிலேயே சொல்லிவிட்டார்.

அடுத்தது எந்த மலை என்பது. நாட்டின் உயர்ந்த மலையான பீதுருதலாகலை 2,524 மீட்டர். அதன் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் காவலும் இருக்கின்றன, நினைத்தபடி நடந்து ஏற முடியாது. தம்பி கிரிகல்பொத்தவைப் பிடித்துக்கொண்டான். 2,388 மீட்டர். நடந்து ஏறக்கூடியவற்றில் அதுவே உயரமானது. பாதை ஹோர்ட்டன் சமவெளியின் நடுவிலிருந்தே தொடங்குகிறது, போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. சமவெளியே 2,100 மீட்டரில் இருப்பதால் ஏற்றம் முந்நூறு மீட்டர் அளவுதான். காகிதத்தில் பார்த்தபோது சுகமான நடையாகத் தெரிந்தது. உலக முடிவுச் சுற்று ஒன்பது கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று தம்பி ஒரு நாள் முழுக்க வாதாடினான். நான் விடவில்லை.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய விதி இருக்கிறது. நேஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892இல் சொன்னது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி கிரிகல்பொத்த உச்சிக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அது பழகிய காலுக்கும் நல்ல பாதைக்கும் உரிய கணக்கு. இங்கே சேறு, வேர், குனிந்து போக வேண்டிய மூங்கில் புதர். அதோடு 2,100 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. மூச்சு முட்டும் உயரம் அல்ல, என்றாலும் ஏற்றத்தில் மார்பு அதைச் சொல்லிவிடும். எனவே போவதற்கு மட்டும் நான்கு மணி நேரம் என்று வைத்தேன்.

தாளில் புறப்படும் நேரத்தை முதல் வரியாக எழுதப் போனபோது மாமா தடுத்தார். "திரும்புகிற நேரத்தை முதலில் எழுது, மகள். கடலுக்குப் போகிறவன் மீனைப் பார்த்துத் திரும்புவதில்லை. எண்ணெய் பாதியாகும் முன்னமே அணியத்தைக் கரைக்குத் திருப்பிவிட வேண்டும்." அதற்குப் பிறகு முழுத் திட்டத்தையும் பின்னாலிருந்து எழுதினோம். ஆறு மணிக்குப் பிறகு இருட்டும். பிற்பகலில் மழை வரலாம். இரண்டரை மணிக்குள் வெளிச்சமான புல்வெளிக்கு வந்துவிட வேண்டும். அப்படியானால், எங்கே நின்றாலும் பதினொரு மணிக்குத் திரும்ப வேண்டும். வாயில் திறப்பது ஆறு மணிக்கு. ஆறே முக்காலுக்கு நடக்கத் தொடங்கினால் உச்சியில் கால் மணி நேரம் இருக்கலாம். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவும்.

பழகுவதற்கு எங்கள் ஊரில் ஏற்றமே இல்லை. புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கல்லடிப் பாலத்தின் மேல் விடியற்காலையில் நடந்தோம், கடற்கரை மணலிலும் நடந்தோம். மச்சாள் தன் அலுவலகத்தின் படிகளில் முதுகுப்பையோடு ஏறி இறங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பிமலைக்குப் போனோம். கிரிகல்பொத்தவின் கால்வாசி உயரம்கூட இல்லாத அந்த மலையில்தான் தம்பியின் குதிகால் கொப்பளித்தது. மலைக்குப் போன பிறகு கொப்பளிக்காமல் அங்கேயே கொப்பளித்தது எவ்வளவோ நல்லது. தடித்த காலுறை வாங்கினோம்.

குளிரை நான் கணக்காகவே எழுதி எல்லோருக்கும் காட்டினேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை பாகை குறையும். நம் ஊர் வெப்பத்திலிருந்து பதின்மூன்று, பதினான்கு பாகையைக் கழித்துக்கொள்ள வேண்டும். அங்கே தை, மாசி விடியலில் புல் நுனியில் உறைபனி கூடப் படிகிறது. பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஒரு தடித்த உடையைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு, மேலே மழைக்கோட்டு. நெற்றியில் கட்டும் டோர்ச் ஆளுக்கு ஒன்று, இருட்டு முன் வந்துவிடுவோம் என்று தெரிந்தும்.

சாப்பாடு அம்மாவின் பொறுப்பு. சமவெளிக்குள் பொலித்தீன் கொண்டுபோக முடியாது. அம்மா வாழையிலையை அடுப்பு நெருப்பில் ஒரு பக்கம், மறுபக்கம் என்று வாட்டினார். பச்சை கறுத்து, மெழுகு உருகியதுபோல ஒரு மினுமினுப்பு ஏறி, இலை துணிபோல் மடிந்தது. முறுமுறுவென்று கிழியும் இலையை நெருப்பு இப்படிப் பணிய வைக்கிறது. அதில் பிட்டு, கருவாட்டுச் சம்பல், அவித்த முட்டை. தும்புக் கயிற்றால் கட்டி முதல் நாளே தந்தனுப்பப் பார்த்தார். மறுநாள் வரை கெடாதென்றால் தேங்காய்ப்பூ குறைவாக இருக்க வேண்டும் என்று தானே முடிவு செய்து, சம்பலை மட்டும் நன்றாக வறுத்துத் தந்தார். பிட்டை நுவரெலியாவில் தங்கும் வீட்டில் அவிப்பதாக ஏற்பாடு. இலையும் மாவும் எங்களோடு மலையேறின.

செங்கலடிச் சந்தியில் பிரியும் ஏ5 வீதியில் திரும்பினால் போதும். கரடியனாறு, பெரியபுல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பதுளை, வெலிமடை, அதே வீதி நுவரெலியா வரைக்கும் போகிறது. எங்கள் வயல் ஓரத்து வீதி தேயிலைக்குள் ஏறுவதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான். அன்றிரவு 1,868 மீட்டர் உயரத்தில் தூங்கினோம். உடம்பு உயரத்துக்குப் பழக ஓர் இரவு கிடைத்தது. முன்னைய முறை அந்த இரவை வான் வண்டியில் தொலைத்திருந்தோம்.

நாலரைக்குப் புறப்பட்டுப் பட்டிப்பொல வாயிலை ஆறு மணிக்கு முன்பே அடைந்தோம். அங்கே பைகளைத் திறந்து பார்த்தார்கள். அம்மாவின் இலைப்பொதிகளைத் தொடவே இல்லை. ஆனால் தம்பி வழியில் வாங்கிய பிஸ்கட் பக்கெற்றுகள், மச்சாளின் மருந்துப் பை, தண்ணீர்ப் போத்தலின் மேல் ஒட்டியிருந்த சுற்றுத்தாள், எல்லாம் பொலித்தீன். ஒவ்வொன்றாகப் பிரித்து, பிஸ்கட்டைத் தாளில் கொட்டி, சுற்றுத்தாளைக் கிழித்து முடிய இருபத்தைந்து நிமிடம். அவர்கள் செய்தது சரி. உள்ளே போனதும் ஒரு மரை வீதியோரம் வந்து வாகனத்தின் கண்ணாடியில் மூக்கை வைத்தது. எவரோ கொடுத்துப் பழக்கிய பழக்கம். அதன் வயிற்றுக்குள் அந்தப் பொலித்தீன் போயிருக்கக்கூடும் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு பதறிற்று.

நடக்கத் தொடங்கியபோது ஏழு மணி பத்து. முதல் ஒரு மணி நேரம் பனித்துளி நிறைந்த புல்வெளி. பிறகு காடு. மரங்கள் எல்லாம் குட்டை, கிளைகள் முழுக்கப் பாசி, தாடி தாடியாய்த் தொங்கியது. காற்று அடிக்கும் திசைக்கு எல்லா மரமும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. மாமா ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கச்சான் வளைத்த மரம்" என்றார். எங்கள் ஊர் அனல் காற்றை ஈரமாக அங்கே கண்டேன்.

மச்சாளுக்கு ஒன்பதரைக்கு முழங்கால் வலிக்கத் தொடங்கியது. யாரும் பிரிந்து போவதில்லை என்று தாளில் எழுதியிருந்தோம், எனவே எல்லோரும் அவள் வேகத்துக்கு நடந்தோம். பதினொன்றுக்கு நாங்கள் கடைசி ஏற்றத்தின் அடியில் நின்றோம். மேலிருந்து இறங்கி வந்த இரண்டு பேர் இன்னும் இருபது நிமிடம்தான் என்றார்கள். தம்பி என்னைப் பார்த்தான். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே ஒரு வேரில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிட்டு ஆறியிருந்தது, இலையின் வாசம் மட்டும் மாறவில்லை. யாரும் பேசாமல் சாப்பிட்டோம்.

திரும்பும் வழியில் ஒரு மணிக்கு மேல் மூட்டம் இறங்கியது, பத்து அடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. புல்வெளியை அடைந்தபோது இரண்டே கால். மழை அங்கேதான் பிடித்தது.

தம்பி இப்போது அடுத்த மாசிக்கான தாளை எழுதத் தொடங்கிவிட்டான். திரும்பும் நேரம் அதே பதினொரு மணிதான், அதை அவன் தொடவில்லை. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: பிஸ்கட்டை வீட்டிலேயே பேணிக்கு மாற்ற வேண்டும், இருபத்தைந்து நிமிடம் மிச்சம்.