மாடுகளை அவிழ்ப்பதா, கட்டி வைப்பதா: தம்பலகாமத்துக் குறிப்புகள்

டிசம்பர் 7, 2022, புதன்

இங்கே, இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், பௌர்ணமி விடுமுறை. விடியப் பட்டிக்குப் போனபோதே வாடைக்காற்று பிடித்துவிட்டது, அதுவும் வழக்கமான மாரிக்காலத்து வாடை இல்லை, கழுத்துக்குள் இறங்குகிற குளிர். வானம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் புகைமூட்டம். வங்காள விரிகுடாத் தாழமுக்கம் புயலாகிறது, பெயர் மாண்டஸ், தமிழ்நாட்டுப் பக்கம் போகிறது என்று வானொலியில் சொன்னார்கள். "அப்ப எங்களுக்கு ஒண்டுமில்லை" என்றார் சித்தப்பா. எனக்கு மனம் ஒப்பவில்லை.

மாடு வளர்க்காதவர்களுக்காக நிலைமையைச் சொல்கிறேன். இது பெரும்போகம், மாரி மழையோடு செய்கிற பெரிய நெல் போகத்தின் காலம். வயலெல்லாம் விதைத்துப் பயிர் நிற்கிறது, மாடு ஒன்று வரம்பு தாண்டினாலும் சண்டை. அதனால் மாடுகளைப் பற்றைக்காட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டு போய் மேயவிட்டு, பொழுதுபட முள்ளுக்கம்பிப் பட்டிக்குள் அடைப்போம். பட்டிக்குக் கூரை கிடையாது. வீட்டோடு இருக்கிற கொட்டிலுக்குள் நெருக்கி விட்டாலும் பாதிகூட அடங்காது. தவிடும் புண்ணாக்கும் இந்த வருடம் கைக்கெட்டாத விலை, உரம் இல்லாமல் போன போகங்களால் வைக்கோலும் குறைவு. மேயப் போகாத மாட்டுக்கு வீட்டில் என்ன இருக்கிறது? அவிழ்க்காமல் விடுவது என்று சொல்வது சுலபம், அன்று அது எதைத் தின்னும் என்பதற்கும் பதில் இருக்க வேண்டும்.

டிசம்பர் 8, வியாழன்

இரவெல்லாம் தூறல், விடிந்த பிறகு காற்றோடு சேர்ந்த மழை. தம்பி அல்பேர்ட்டாவில் ஒரு குதிரைப் பண்ணையில் வேலை செய்கிறான், அங்கே பொழுதுபட்டு வேலை முடியும் நேரம் இங்கே காலை. அவனைக் கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டதும் முதலில் நம்பவே முடியவில்லை.

"அக்கா, இங்க -15 பாகை செல்சியஸ் வரைக்கும் குதிரையளுக்குப் பெரிசா ஒண்டும் செய்யத் தேவையில்லை, வெளியிலதான் நிக்கும்."

பனிக்காலத்துக்கென்று தடித்து வளர்ந்த மயிர் காய்ந்து இருக்க வேண்டும், காற்று அடிக்கக் கூடாது, வயிறு நிறைய வேண்டும், அவ்வளவுதானாம். குளிரும்போது மயிர் சிலிர்த்து நின்று இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அந்தக் காற்றுத்தான் போர்வை. அதே மயிர் நனைந்து தோலோடு ஒட்டினால் போர்வை போய்விட்டது. அதனால் -15இல் குதிரையை வெளியில் விடுகிறவர்கள், 2 பாகையில் காற்றோடு மழை பெய்தால் உள்ளே எடுக்கிறார்கள். மயிர் வெட்டிய குதிரை, கிழடு, மெலிந்தது என்றால் கணக்கு வேறு. காலையில் வெளியே விடுமுன் கையை மயிருக்குள் விட்டு விலா எலும்பைத் தடவிப் பார்ப்பார்களாம், ஏனென்றால் பார்வைக்குக் கொழுத்துத் தெரிவது மயிராகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் சொன்னான், இது எனக்கு மிகவும் உதவியது. குளிருக்குத் தானியத்தை விட வைக்கோல், காய்ந்த புல்லுத்தான் நல்லது. நார் குடலுக்குள் நொதிக்கும்போது சூடு வருகிறது. குதிரைக்கு அது பெருங்குடலில் நடக்கிறது, மாட்டுக்கு முதல் இரைப்பையில். அப்போ எங்கள் மாட்டுக்கும் வைக்கோல்தான் அடுப்பு.

மாட்டுக்கு எத்தனை பாகை என்று கேட்டேன். கொழுத்த, காய்ந்த மாடு என்றால் உறைகுளிரையும் தாங்கும், தோல் நனைந்த மாட்டுக்கு 15 பாகையிலேயே உடம்பு சூட்டைக் காக்கப் போராடத் தொடங்கும் என்றான். அதுவும் அந்த நாட்டு மாட்டுக்குச் சொல்கிற கணக்கு. எங்கள் நாட்டு மாடுகள் சூட்டை வெளியே விடுவதற்கென்றே அமைந்தவை, குட்டை மயிர், மெல்லிய தோல், மாரியில் கொழுப்பு என்று ஒன்றுமே இருக்காது. இங்கே உறைகிற குளிர் வராது என்பது உண்மை. ஆனால் காற்றும் ஈரமும் வெறும் வயிறும் ஒன்றாகச் சேர்ந்தால் உறையத் தேவையே இல்லை.

முடிவு எடுத்தேன். கறவை, கன்று, சினைப்பசு, ஆடுகள் எல்லாம் கொட்டிலுக்குள். மற்றவற்றுக்கு வீட்டுச் சுவரோரம் படங்கு (தார்ப்பாய்) இழுத்துக் கட்டினோம். வைக்கோலை மாலையிலேயே போட்டோம், இரவு முழுக்க அசை போடட்டும். சித்தப்பா தன்னுடையதைப் பற்றைக்காட்டுக்கு அனுப்பிவிட்டார். "பிள்ளை, மாடு காலகாலமா மழையிலதானே நிக்குது" என்றார். அவரிடம் வைக்கோல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வீம்புக்குச் செய்யவில்லை.

டிசம்பர் 9, வெள்ளி

வளி மாசு என்று நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்கு இன்று விடுமுறை. புயல் வடக்கிலிருந்து இழுத்து வருகிற காற்றில் குளிரோடு அந்தப் புகையும் சேர்ந்து வருகிறதாம்.

படங்குக்குக் கீழ் நின்ற ஒரு நாகு, இன்னும் கன்று போடாத இளம் பசு, விடியப் படுத்தது, எழும்பவில்லை. முதலில் உடம்பு முழுக்க நடுங்கியது, பிறகு நடுக்கம் நின்றது. நடுக்கம் நின்றால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், உடம்புக்கு நடுங்கவும் சக்தி முடிந்துவிட்டது என்று பொருள். காதின் அடியைப் பிடித்துப் பார்த்தேன், ஈரச்சாக்கைத் தொட்டது போல் இருந்தது. வாய்க்குள் விரலை விட்டால் அங்கேயும் குளிர். எல்லோரும் சேர்ந்து இழுத்துக் கொட்டிலுக்குள் போட்டு, உரப்பையாலும் பழைய சேலையாலும் தேய்த்து, முதலில் காயவைத்தோம். ஈரத்தோடு போர்த்தினால் பயனில்லை. கீழே தடிப்பாக வைக்கோல், ஈர நிலம் வயிற்றிலிருந்து சூட்டை உறிஞ்சாமல் இருக்க. வெதுவெதுப்பான தண்ணீரைத் தானாகக் குடிக்கும் வரை காத்திருந்தேன். படுத்துக் கிடக்கிற மாட்டுக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். மத்தியானம் போல் தலையைத் தூக்கியது. பின்னேரம் எழும்பி நின்றது! அப்படியே அழுதுவிட்டேன்.

சித்தப்பாவின் பட்டியில் அப்படி இல்லை. பற்றை ஓரத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுத்தபடியே செத்துக் கிடந்தன, கன்றுகளும் தாய்களும். அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 10, சனி

புயல் நேற்று நள்ளிரவு போல் மாமல்லபுரம் பக்கம் கரையேறிவிட்டது. இங்கே மழை விட்டுவிட்டது, காற்று இன்னும் இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, எங்கள் மாவட்டம், எங்கே கேட்டாலும் மாடும் ஆடும் செத்த கதை, நூற்றுக்கணக்கில். நோயா என்று பார்க்க மாதிரி எடுக்கிறார்கள், இறைச்சியை மாகாணம் விட்டு மாகாணம் கொண்டுபோகவும் தடை. சோதிக்கட்டும், அது அவசியம். நோயாக இருந்தால் கொட்டிலில் நின்றதும் பட்டியில் நின்றதும் ஒரே மாதிரிப் போயிருக்க வேண்டுமே என்பதுதான் என் எண்ணம்.

2020இல் புரெவி இங்கேயே, குச்சவெளி திரியாய்ப் பக்கம், கரையேறியது. அப்போது எங்கள் பட்டியில் ஒன்றுகூடச் சாகவில்லை. இந்தப் புயல் எங்களை மிதிக்கவே இல்லை, ஆனாலும் இவ்வளவு. இனிமேல் புயல் எங்கே போகிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுக்கப் போகக் கூடாது.

டிசம்பர் 11, ஞாயிறு

காலையில் குளிர் குறையவில்லை, மூச்சு இழுத்தால் தெரிகிறது. ஆனாலும் இன்று அவிழ்த்துவிட்டேன். அம்மாவுக்குப் பயம், இன்னும் ஒரு நாள் நிற்கட்டும் என்றார். முதுகைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. காற்று தணிந்துவிட்டது, வெயிலும் மெல்ல வந்தது. கொட்டிலுக்குள் சாணமும் மூத்திரமும் சேர்ந்து கண் எரிகிறது, அதற்குள் இன்னும் அடைத்தால் கன்றுகளுக்குச் சளி பிடிக்கும். தம்பியும் இதைத்தான் சொன்னான், அங்கே குதிரைகளைப் பூட்டியே வைத்தால் இருமலும் கால் வீக்கமும் வருகிறதாம். அந்த நாகை மட்டும் விடவில்லை, வீட்டு வாசலில் கட்டி கார்த்திகை விளக்கீட்டுக்கு நட்ட வாழைக்குற்றியை வெட்டிப் போட்டேன், ஆசையாகத் தின்றது.

டிசம்பர் 13, செவ்வாய்

சித்தப்பா வந்தார். மிச்சம் இருப்பவற்றை எங்கள் பட்டியோடு சேர்ப்போம் என்று பேசிக்கொண்டோம். வாடை வருகிற பக்கம் மட்டும் ஆள் உயரத்துக்குக் தென்னோலைக் கிடுகு வேலி, ஒரு மூலையில் கூரை. முழுக்க அடைக்கத் தேவையில்லையாம், தம்பியின் பண்ணையில் காற்றுத் தடுப்புப் பலகையை ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டே அடிக்கிறார்கள், இறுக்கி மூடினால் காற்று மேலால் ஏறி உள்ளே விழுந்து சுழலுமாம். கிடுகுக்கு அந்த இடைவெளி தானாகவே இருக்கிறது.

வைக்கோல்தான் பெரிய பாடு. மாசியில் அறுவடை வரும் வரைக்கும், மழை நாட்களுக்கென்று தொடாமல் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். நாளை கந்தளாய்ப் பக்கம் தேடிப் போகிறோம். யாரிடமாவது நனையாத வைக்கோல் இருந்தால் விலையோடு சொல்லுங்கள், உழவு இயந்திரப் பெட்டி எங்களிடம் இருக்கிறது, வந்து ஏற்றிக்கொள்வோம்.