டார்க் வெப்புக்குக் கூட்டம் ஏன் தேவை

சர்வர் பதிவுகளைப் படிப்பது என் தினசரி வேலை. எந்த ஐபி முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்று வரிவரியாக விழுந்துகொண்டே இருக்கும். செய்தியை எவ்வளவு பூட்டி அனுப்பினாலும், யார் யாரோடு பேசினார் என்பது வெளியே தெரிந்துவிடும். சாதாரண பிரவுசரில் திறக்காத, இருக்குமிடம் மறைந்த தளங்களின் தொகுப்பான டார்க் வெப்பின் கதையே இந்த ஓட்டையை அடைப்பதில்தான் தொடங்குகிறது.

1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் மூவரும் ஆனியன் ரூட்டிங்கை உருவாக்கினார்கள். செய்தியை அடுக்கடுக்காகக் குறியாக்கம் செய்து பல கணினிகள் வழியே அனுப்புவார்கள். ஒவ்வொரு கணினியும் தனக்குரிய அடுக்கை மட்டும் பிரிக்கும். முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியாது.

சரி, கடற்படை மட்டுமே இதைப் பயன்படுத்தினால்? அந்த வழியாக யார் வந்தாலும் கடற்படை ஆள் என்று தெரிந்துபோகும்! சம்பந்தமே இல்லாதவர்கள் ஏராளமாகக் கலந்திருந்தால்தான் ஒருவரை மறைக்க முடியும். ரோஜர் டிங்கிள்டைன், நிக் மேத்யூசன், சைவர்சன் சேர்ந்து இதே முறையில் உருவாக்கிய டோர் என்ற வலையமைப்பு 2002 அக்டோபரில் ஓடத் தொடங்கியபோது, நிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

டோர் வழியே சாதாரணத் தளத்துக்குப் போனால் நாம் மட்டும் மறைந்திருப்போம். டோருக்குள் மட்டுமே திறக்கும் ஆனியன் தளம் என்றால் அந்தத் தளமும் மறைந்திருக்கும். அது சில கணினிகளை அறிமுக இடங்களாக வைத்துக்கொண்டு, அந்தப் பட்டியலில் கையெழுத்திட்டு வலையமைப்பிலேயே போட்டுவைக்கும். நம் பிரவுசர் அதை எடுத்து, சந்திப்பதற்கு வேறொரு கணினியைத் தேர்ந்தெடுத்து, அறிமுக இடம் வழியாகத் தகவல் சொல்லும். அப்புறம் இரு தரப்பும் அங்கே வந்து சேரும். நடுவில் மொத்தம் ஆறு கணினிகள். சந்திப்பு நடக்கும் கணினிக்கே இருவரும் யாரென்று தெரியாது. 56 எழுத்தில் நீளும் அந்த முகவரிக்குள்ளேயே தளத்தின் பொதுச்சாவி, அதாவது அதன் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் எண், இருக்கிறது. அதனால் போலித் தளம் அதே முகவரியில் வந்து உட்கார முடியாது. முகவரியை யாரிடமும் பதிவு செய்யவும் வேண்டாம்.

இதே வசதியில்தான் 2011இல் சில்க் ரோடு என்ற போதைப்பொருள் சந்தை முளைத்தது. அதை நடத்திய ராஸ் உல்ப்ரிக்ட் 2013 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நூலகம் ஒன்றில் கைதானார். ஒரு பழைய இணையப் பதிவில் தன் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தது அவரைக் காட்டிக்கொடுத்த தடயங்களில் ஒன்று. டார்க் வெப்பில் இதைவிடக் கொடுமையானவையும் நடக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்க நிரலாளர் ஆரோன் ஸ்வார்ட்ஸ் தொடங்கிவைத்த செக்யூர்டிராப் என்ற மென்பொருள் வழியாகப் பத்திரிகைகளுக்கு ஆவணம் அனுப்புபவர்களையும் காப்பாற்றுவது இதே ஆனியன் தளம்தான்.

பிபிசிக்கு 2019 முதல் ஆனியன் முகவரி இருக்கிறது. மறைக்க எதுவும் இல்லாத நாளிலும் நான் டோர் பிரவுசரில்தான் செய்தி படிக்கிறேன். பக்கம் திறக்கக் கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லை. நீங்களும் வந்தால் கூட்டத்தில் இன்னும் ஒருவர்.