விடுதலைப் பத்திரமும் ஞானத்துக்கான ஜெபமும்

அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். இடையன்குடிப் பக்கம் ஒரு வீடு, கொஞ்சம் பனைவிளை, அதாவது பனைமரங்கள் நிற்கிற நிலம். வாரிசுச் சான்றிதழ் வாங்கியதுவரை சிக்கலில்லை. அப்புறம் அண்ணன், சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரம் எழுதக் கொடுத்திருப்பதாகவும் நான் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னான். கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று என்பது அவன் கணக்கு. "கிறிஸ்தவப் பிள்ளை சொத்துக்கு நிக்கலாமா?" என்று மதினி கேட்டது அதைவிட வலித்தது. விட்டுக்கொடுப்பதுதான் தேவசித்தமா, இல்லை பயத்துக்கு அப்படிப் பெயர் வைக்கிறேனா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும், அவர் கடிந்துகொள்ள மாட்டார் என்று வேதத்தில் யாக்கோபு முதல் அதிகாரத்தில் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தேன்.

ஜெபிப்பது தெரிந்ததும் ஆளாளுக்குப் பதில் கொண்டுவந்தார்கள். சித்தி வாக்குத்தத்த அட்டைப் பெட்டியை நீட்டி ஒன்றை எடுக்கச் சொன்னாள். வந்த வசனம் நல்ல வசனம்தான், ஆனால் அது பத்திரத்துக்கான பதில் இல்லை. பிறகு பாளையங்கோட்டையில் தீர்க்கதரிசனம் சொல்கிற ஒருவரிடம் கூட்டிப்போனாள். மதியம் முழுக்கக் காத்திருந்தோம். உள்ளே போனால் பெயரைத் தவிர எதுவும் கேட்கவில்லை. "கையெழுத்துப் போடு, கர்த்தர் இரட்டிப்பாய்த் தருவார்" என்றார். காணிக்கைக் கவர் முன்னால் வந்தது. ஒரு குடும்பத்தின் கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்காமலே கர்த்தர் பெயரால் தீர்ப்புச் சொல்வது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றாட வாசிப்பில் எண்ணாகமம் 27 வந்தது. செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயின் முன் நின்று தகப்பன் வழிப் பங்கு கேட்ட இடம். அவர்கள் சொல்வது சரி என்று கர்த்தரே சொல்கிறார். இதைக் காட்டி அண்ணனிடம் சண்டைக்குப் போகலாம் போலிருந்தது. ஆனால் அந்தப் பெண்களுக்குச் சகோதரன் இல்லை, எனக்கு இருக்கிறான். நமக்குத் தோதாக இருக்கிறது என்பதற்காக வசனத்தை வளைக்கக் கூடாது.

போடவா, வேண்டாமா என்ற கேள்வியை விட்டுவிட்டு, நான் பார்க்க வேண்டியதைக் காட்டும் ஆண்டவரே என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் வழி தெரிந்தது. பரத்திலிருந்து வருகிற ஞானத்தின் குணங்களை யாக்கோபு 3:17 சொல்கிறது: சுத்தம், சமாதானம், இணக்கம், இரக்கம், பட்சபாதமின்மை. ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கும்போது, பத்திரத்தை முதலில் வாசி என்று மனதில் அழுத்தமாக வந்தது.

நகல் வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. பத்திரம் எழுதுபவர் "குடும்பத்துக்குள்ள நகல் எதுக்கும்மா?" என்றார், அப்புறம் அண்ணன் வரட்டும் என்றார், அப்புறம் பிரிண்டர் சரியில்லை என்றார். கடைசியில் ஐயரம்மா, அதாவது எங்கள் சபைப் போதகரான ஐயரின் மனைவி, கூட வந்து நின்ற அன்றைக்குத்தான் கொடுத்தார்.

வாசித்தால், உரிமையை விட்டுக்கொடுப்பவர்களில் முதல் பெயர் அம்மா! வீடு உட்பட எல்லாமே அண்ணன் பெயருக்குப் போகிறது. அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. வள்ளியூரில் ஒரு வக்கீலிடம் காட்டினோம். உயில் இல்லாவிட்டால் கிறிஸ்தவர்களான நமக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மகன் மகள் என்ற வித்தியாசமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக என்றார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர்தான், ஆகவே மூன்று பேருக்கும் சமம். பட்சபாதமில்லாதது என்று ஜெபித்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்து, எல்லாரையும் உட்காரவைத்து ஜெபித்து, "நீங்க என்னம்மா சொல்லுதிய?" என்று அம்மாவைக் கேட்டார். அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. "எனக்கு இந்த வீடு போதும்" என்றாள் அம்மா. அண்ணன் வெகுநேரம் தலை நிமிரவில்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகிவிட்டது. வீடு அம்மாவுக்கு, விளையில் எனக்கும் அவனுக்கும் பாதிப் பாதி.

உங்களிடம் யாராவது ஆவிக்குரிய வார்த்தை சொல்லிக் கையெழுத்து கேட்டால், ஜெபியுங்கள், நகலையும் கேளுங்கள். நகல் தரத் தயங்குகிறவர்கள் சொல்லும் வசனத்துக்கு அவசரப்பட்டு ஆமென் சொல்லாதீர்கள். மதினி இன்னும் என்னோடு பேசவில்லை. அவளிடம் எப்போது, எப்படிப் பேசுவது என்பதற்கும் இப்போது ஞானம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.