படம் நல்லா வந்திருக்குங்க

“படம் நல்லா வந்திருக்குங்க” என்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை என்றுதான் இன்னும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கிற டெக்னீஷியன். ஸ்கேனுக்கு வந்த பையனுக்கு இருபது சொச்சம் வயது, பாலக்கோடு பக்கம். நியூரோசைட்டோமா என்ற மூளைக்கட்டி பெரும்பாலும் மூளையின் பக்கவாட்டு வென்ட்ரிக்கிளுக்குள், அதாவது நீர் நிறைந்த அறைக்குள்தான் இருக்கும். இவனுக்கு அதற்கு வெளியே, முன்மடலில் கட்டி, அதனால் அந்தப் பெயர் முதலில் யாருக்கும் தோன்றவில்லை. ரேடியாலஜிஸ்ட் போனில் ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் எடுக்கச் சொன்னார்; கட்டிக்குள் என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் ஸ்கேன் அது. டிஇ, அதாவது சிக்னலைப் பிடிக்கக் காத்திருக்கும் நேரம், 30 மில்லிசெகண்டாக இருந்தபோது கோட்டில் 3.55 பிபிஎம் என்ற இடத்துக்கிட்ட ஒரு முகடு. மயோ-இனோசிட்டால் என்ற ரசாயனமும் அங்கேதான் விழும், நியூரோசைட்டோமாவில் ஏறுகிற கிளைசினும் அங்கேதான். டிஇயை 144-க்கு ஏற்றினால் இனோசிட்டால் அடங்கிவிடும், கிளைசின் நிற்கும். நின்றது. எலும்பும் நீரும் கலக்காமல் வோக்சலை, அதாவது அளக்கிற சின்னக் கட்டத்தை, வைத்து, அவனும் அசையாமல் படுத்திருந்து, தர்மபுரியில் ஒரு 1.5 டெஸ்லா மெஷினில் அவ்வளவு சுத்தமான கோடு வந்தால் யாருக்குத்தான் பூரிப்பு வராது? சிரித்துவிட்டேன், கூட வேலை செய்கிற தம்பியையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்தப் பெரியவர், பையனின் அப்பா, கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். “சிரிக்கிறீங்களே தம்பி, ஒண்ணும் இல்லீங்களா?”

ரிப்போர்ட் பற்றி நாங்கள் வாய் திறக்கக் கூடாது. அதனால்தான் படத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் உடனே வீட்டுக்குப் போன் போட்டு, “நல்லா இருக்குதாம், அழாத” என்றார்.

திருத்தியிருக்கலாம். ஆனால் என்னவென்று திருத்துவது? அது நியூரோசைட்டோமாவாகவே இருந்தால் சாதுவான வகைதான், கிரேடு 2, முழுசாக எடுத்துவிட்டால் பலர் பல வருஷம் நன்றாக இருக்கிறார்கள், அப்படிப் பார்த்தால் அவர் புரிந்துகொண்டதும் பெரிய தப்பில்லை. ஆனால் கிளைசின் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றிலும் ஏறும், பயாப்சி வராமல் எதுவும் முடிவில்லை, அது எனக்கு அப்போதே தெரியும். நான் சிரித்தது பையன் பிழைப்பான் என்று இல்லை, கோடு நன்றாக வந்ததற்கு. தக்காளிக்கு விலை கிடைத்தால் அவர் சிரிக்க மாட்டாரா? இப்படிக் கேட்கும்போதே எனக்குக் கூசுகிறது.

அவர்களை பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் எனக்குத் தகவல் இல்லை.

இப்போதெல்லாம் ஸ்பெக்ட்ரோ ஓடும்போது கதவைச் சாத்திவிடுகிறேன். சாத்தினால் வெளியே இருப்பவர்கள் இன்னும் பயப்படுகிறார்கள் அண்ணா என்கிறான் அந்தத் தம்பி. அதுவும் சரிதான்.