‘முடிவு உங்களுடையது’ என்று சொன்ன பிறகு

பல்லெல்லாம் போய்த் தாடை எலும்பு கரைந்துபோனவர்களுக்கு, மறுபடி பல் வைக்க என்னென்ன வழி இருக்கிறது என்று விளக்குவது எனக்குக் கைவந்த வேலை. எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எதைச் செய்தால் எவ்வளவு காலம் ஆகும், சிக்கல் எங்கே வரும் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். அந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் அப்படித்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: “எல்லாவற்றையும் சொன்னீர்கள் டாக்டர். நான் எதைச் செய்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் சொல்லவில்லை.”

“முடிவு உங்களுடையது ஐயா” என்றேன்.

அந்தப் பதில் தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அவருடைய வாய், அவருடைய உடல், அவருடைய சம்மதம். ஆனாலும் அந்தப் பேச்சு என்னை விட்டபாடில்லை.

நாற்பது வயதிலிருந்து மேலும் கீழும் பல்செட் போட்டிருந்தவர் அவர். பல் போன இடத்தில் எலும்பு அப்படியே நிற்பதில்லை. தாங்குவதற்கு வேர் இல்லாததால் ஆண்டுதோறும் கரைகிறது. கீழ்த்தாடை, மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கரைகிறது என்று 1972-இல் ஆய்வாளர் டால்கிரென் வெளியிட்ட நீண்டகால ஆய்வு காட்டியது. ஆனால் மேல்தாடையில் வேறொரு தொல்லை உண்டு. கீழிருந்து எலும்பு கரையும்போதே மேலிருந்து சைனஸ் என்ற, கன்னத்துக்குள் இருக்கும் காற்றறையும் இறங்கி வருகிறது. இவருக்குப் பின்பக்கம் சைனஸின் தரையில் 2 மில்லிமீட்டர் எலும்புதான் மிச்சம். முன்பக்கம் உயரம் இருந்தது, அகலம் இல்லை. கத்தி விளிம்பாக மெலிந்திருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நாக்கால் மேல் பல்செட்டை அண்ணத்தோடு தள்ளி நிறுத்திக்கொண்டுதான் பேசத் தொடங்குவார். வகுப்பறையில் பேசிப் பிழைத்த மனிதர். அந்தச் சிறு தாமதம் அவரை எவ்வளவு கூசவைக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது. “கழற்றாத பல் வேண்டும்” என்று கேட்டுத்தான் வந்திருந்தார்.

நான் சொன்ன வழிகள் இவை. இடுப்பெலும்பிலிருந்து எலும்பை எடுத்து மேல்தாடையில் வைத்துக் கட்டலாம். அது ஒட்டிக்கொள்ள நான்கு முதல் ஆறு மாதம், பிறகு இம்பிளான்ட் (பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் திருகு), பிறகு மறுபடி காத்திருப்பு. வைத்த எலும்பிலும் ஒரு பகுதி கரையும். சைனஸின் சவ்வை உயர்த்தி அடியில் எலும்புத் துகள்களை நிரப்பலாம். சவ்வு கிழிவதுதான் அதில் அடிக்கடி நேரும் சிக்கல், முன்பக்க மெலிவுக்கும் அது மருந்தாகாது. நான்கே இம்பிளான்டுகளை வைத்து, பின்னிரண்டையும் சாய்த்துப் பொருத்தும் முறையை லிஸ்பனில் பல் மருத்துவர் பாவுலோ மாலோ பரப்பினார். அதற்கும் முன்பக்கத்தில் அகலமான எலும்பு வேண்டும். ஈறுக்கு அடியில் எலும்பின்மேல் உட்காரும் உலோகச் சட்டகம் 1940-களின் பழைய முறை; இப்போது ஸ்கேனை வைத்து அச்சிட்டுச் செய்கிறார்கள். பழையவற்றில் பல சீழ்பிடித்துக் கழன்றதால் எனக்கு அதில் தயக்கம் உண்டு.

பிறகு கன்ன எலும்பு. டைட்டானியம் எலும்போடு பிணைந்துகொள்வதைக் கண்டு, 1965-இல் முதல் நோயாளிக்கு இம்பிளான்ட் வைத்த ஸ்வீடன் மருத்துவர் பிரோனெமார்க் பின்னாளில் உருவாக்கிய வழி இது. வழக்கமான இம்பிளான்ட் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; இது 30-இல் தொடங்கி 50-ஐத் தாண்டும். தாடையில் நுழைந்து சைனஸை ஒட்டியோ அதன் ஊடாகவோ சென்று கன்ன எலும்பில் இறுகும். எலும்பு வைத்துக் கட்டவோ மாதக்கணக்கில் காத்திருக்கவோ வேண்டாம். பெரும்பாலும் சில நாட்களுக்குள் பல்லைப் பொருத்திவிடலாம். சைனஸில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு, கண்குழி பக்கத்திலேயே இருக்கிறது, தோற்றால் எடுப்பது எளிதல்ல.

கடைசியாக: மேலே எதுவும் செய்யாமல் புதிய பல்செட் மட்டும். கீழே முன்பக்கம் இரண்டு இம்பிளான்ட் வைத்து, அவற்றில் கீழ்ப் பல்செட்டை மாட்டிக்கொள்வது. பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியதே அதுதான் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள்.

அவர் கடைசி வழியைத் தேர்ந்தெடுத்தார்.

எழுபதைக் கடந்தவர், சர்க்கரை நோய் இருப்பவர், பொது மயக்கத்துக்கு அஞ்சுபவர். அவருக்கு இது நியாயமான தேர்வு; எந்த மருத்துவரும் குறை சொல்ல மாட்டார். ஆனால் சர்க்கரை கட்டுக்குள்தான் இருந்தது. பெரிய அறுவையை மறுக்கும் அளவுக்கு உடலில் எதுவும் இல்லை. மேல் பல் ஆடுகிறது என்று வந்தவர், கீழ்ப் பல்லைச் சரிசெய்துகொண்டு போனார்.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப்பார்ப்பது சொற்களை அல்ல, என் கையை. கன்ன எலும்பைப் பற்றிச் சொன்னபோது என் சுட்டுவிரல் என் வாயோரத்தில் தொடங்கிக் கண்ணுக்குக் கீழே வரை ஒரு கோடு இழுத்தது. அவர் கையும் தானாக எழுந்து அவருடைய கண்ணுக்குக் கீழே போய் நின்றது. பேச்சு முடியும் வரை அது இறங்கவில்லை. சில நாட்களில் பல் வந்துவிடும் என்று அதன்பின் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறியதா என்று தெரியாது. இடுப்பெலும்பைப் பற்றிச் சொன்னபோது நான் என் இடுப்பைத் தொடவில்லை. எல்லா அச்சத்தையும் அடுக்கிய பிறகு, எளியதைக் கடைசியில் வைத்தேன். ஒரு பக்கமும் சாயாமல் பேசியதாகத்தான் அன்று நினைத்தேன்.

எங்களோடு வேலை செய்யும் அறுவை மருத்துவர், “நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கன்ன எலும்புக்கு ஒத்துக்கொண்டிருப்பார்” என்றார். “அதனால்தான் சொல்லவில்லை” என்றேன். சொன்ன வேகத்தில் எனக்கே அந்தப் பதில் பிடித்திருந்தது. இப்போது அவ்வளவு பிடிக்கவில்லை. ஒரு வார்த்தைக்கு அத்தனை பலம் இருக்கிறது என்று தெரிந்திருந்தும் அதை அவருக்காகச் செலவிடவில்லை என்றும் அதைப் படிக்கலாம்.

சொல்லிப்பார்த்ததும் உண்டு. பிறகு வந்த ஓர் அம்மா, அவரைப் போன்றே தாடை, அதே கேள்வியைக் கேட்டார். கன்ன எலும்புதான் என் தேர்வு என்றேன். உடனே “சரி டாக்டர்” என்றார். ஆபத்துகளை அதன்பின்தான் சொல்லத் தொடங்கினேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார், ஒரு கேள்விகூட இல்லை. அறுவை நன்றாக முடிந்தது, நன்றாகச் சாப்பிடுகிறார். நிம்மதிதான். ஆனால் அந்தச் “சரி” வந்த வேகத்தில், அது அவருடைய முடிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆசிரியருடையதாவது அச்சத்தோடு சேர்ந்த சொந்த முடிவு. அச்சத்தில் பாதி நான் கொடுத்தது என்றாலும்.

மேல்தாடையை அப்படியே விட்டதில் எதுவும் மாறாமல் நிற்கும் என்றும் இல்லை. கீழே முன்பற்கள் உறுதியாக இருந்து, மேலே முழுப் பல்செட் இருந்தால், அந்த அழுத்தத்தில் மேல்தாடையின் முன்பக்கம் கரைவதை 1972-இலேயே பல் மருத்துவர் கெல்லி விவரித்தார். அவர் எழுதியது சொந்தப் பற்களைப் பற்றி. இம்பிளான்ட் மாட்டிய பல்செட்டும் அதே அளவுக்கு அழுத்துகிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஆசிரியர் இப்போது முன்பற்களால் நன்றாகக் கடிக்கிறார் என்பதை நான் பார்க்கிறேன். மகிழ்ச்சியோடு அவரே கடித்துக் காட்டினார். “கீழே அசைவதே இல்லை டாக்டர்.” மேலே பழையபடி நாக்கால் தள்ளிக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

மேல்தாடையைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. கிடைத்ததில் நிறைவாக இருப்பவரிடம் நானே அந்தப் பேச்சை எடுப்பது அக்கறையா, வற்புறுத்தலா என்று அறுவை மருத்துவரிடம் கேட்டேன். எலும்பு காத்திருக்காது, வயதும் காத்திருக்காது, சொல்லத்தான் வேண்டும் என்றார். அவர் சொல்வதில் அவருடைய தொழில் கலந்திருக்கிறது என்று தோன்றியது. நான் பல்செட் செய்பவன். எனக்குத் தோன்றுவதிலும் என் தொழில் கலந்திருக்கும். ஆசிரியர் அடுத்த பரிசோதனைக்கு வரும்போது மேல்தாடைக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்திருக்கிறேன். எதற்கு என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.